ஏற்றத்தில் கிடைக்காத அந்த ஒரு கியர்: மூத்த சைக்கிள் ஓட்டிகளுக்கான பல் கணக்கு

மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும் ரோடு சைக்கிள்காரர் ஒருவரின் வலது கையைக் கவனித்திருக்கிறீர்களா? கியர் மாற்றும் நெம்புகோலை அவருடைய விரல் அழுத்துகிறது, செயின் நகர்வதில்லை, சிறிது தூரம் சென்றதும் விரல் மீண்டும் அழுத்துகிறது. கடைசிப் பல்சக்கரத்துக்குச் செயின் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கால் கேட்கிறது, கை தேடுகிறது.

ஐம்பத்தைந்து, அறுபது வயதைக் கடந்தவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தங்கள் கால்களையே நொந்துகொள்கிறார்கள். ஆனால் குறை அநேகமாகக் காலில் இல்லை, சைக்கிளின் பல் எண்ணிக்கையில் இருக்கிறது. கடையில் விற்கும் ரோடு சைக்கிளின் கியர் வரிசை, நன்கு பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரையும் பந்தயத்தையும் மனத்தில் கொண்டு வளர்ந்த மரபிலிருந்து வந்தது. அந்த வரிசையின் மேல்முனையில், நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கியர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கீழ்முனையில் நமக்கு அன்றாடம் தேவைப்படும் கியர் கிடைக்காமற்போவது அதனால்தான். மேலே உள்ளதை விட்டுக்கொடுத்துக் கீழே பெற்றுக்கொள்வது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் கியர் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கியர் புதிதாக எந்த ஆற்றலையும் தருவதில்லை. பழனி மலையில் படிப்பாதையும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. இரண்டும் ஒரே சன்னிதிக்குத்தான் கொண்டுசேர்க்கின்றன. யானைப்பாதையில் போகிறவர் அதிக அடிகள் எடுத்துவைக்கிறார், ஆனால் ஒவ்வோர் அடியிலும் குறைவாக உயர்கிறார். உயரம் மாறவில்லை, செய்யும் வேலையும் மாறவில்லை, அந்த வேலையை எத்தனை துண்டுகளாக வெட்டிக்கொள்கிறோம் என்பதுதான் மாறுகிறது. சிறிய கியர் என்பது சைக்கிளின் யானைப்பாதை.

எத்தனை துண்டுகள் என்பதைக் கணக்கிட ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். முன்னால், பெடலோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் செயின் ஓடும் பல்சக்கரத்தின் பற்களால் வகுக்க வேண்டும். முன்னால் 50 பற்களும் பின்னால் 25 பற்களும் இருந்தால் விடை 2. அதாவது பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். வழக்கமான ரோடு சைக்கிளின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் உருள்வதால், அந்தக் கியரில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 4.2 மீட்டர் முன்னேறும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் விகிதம் 1, தூரம் 2.1 மீட்டர். இந்த ‘ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர்’ என்னும் அளவை மட்டும் பிடித்துக்கொண்டால் கியர் பற்றிய எந்தப் பேச்சையும் பின்தொடரலாம். ஆங்கிலேயர்கள் இதையே, பழைய உயர்சக்கர சைக்கிளின் விட்டத்தை நினைவில் வைத்து, அங்குலத்தில் சொல்லும் பழக்கம் உடையவர்கள். மீட்டரே நமக்கு வசதியானது.

புதியவர்களைக் குழப்பும் ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்னால் பல்சக்கரம் சிறியதாக இருந்தால் மிதிப்பது எளிது. பின்னால் அதற்கு நேர்மாறாகப் பெரியதாக இருந்தால் எளிது. ஆகவே ‘சின்ன கியர்’ என்று நாம் பேச்சில் சொல்வது, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய வட்டைத்தான். கடைக்காரரிடம் பேசும்போது ‘சின்னது, பெரியது’ என்பதைத் தவிர்த்துப் பல் எண்ணிக்கையைச் சொல்வது, வேண்டாத பொருளை வாங்கி வருவதிலிருந்து காப்பாற்றும்.

இனி ஓர் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் சாலை நீளத்துக்கு 8 மீட்டர் உயரும் சரிவு அது. ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர்ப் புட்டி எல்லாம் சேர்ந்து 80 கிலோ. அவர் நெடுநேரம் சீராகத் தரக்கூடிய ஆற்றல் 120 வாட் என்று கொள்வோம். புவியீர்ப்பையும் டயர் உராய்வையும் சிறிதளவு காற்றுத் தடையையும் கணக்கில் எடுத்தால், இவர் அந்தச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில்தான் ஏற முடியும். இந்த வேகத்தைக் கியர் தீர்மானிப்பதில்லை, எடையும் ஆற்றலும் சரிவும் தீர்மானிக்கின்றன. கியர் தீர்மானிப்பது, அதே வேகத்தில் கால் எப்படிச் சுழல்கிறது என்பதை மட்டுமே.

பல ரோடு சைக்கிள்களில் இருப்பதுபோல் இவருடைய மிகச் சிறிய கியர் முன்னால் 34, பின்னால் 28 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர். அந்த வேகத்தில் இவர் கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 41 சுற்றுகள்தான் சுழலும். இது சுழற்றுவதே அன்று, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக அழுத்தித் தள்ளுவது. பின்னால் மட்டும் 34 ஆக்கினால் சுற்று 49 ஆகிறது. முன்னாலும் 30 ஆக்கினால் 56 ஆகிறது. மறுபக்கம், சைக்கிளோடு சேர்த்து 75 கிலோ எடையுள்ள தொழில்முறைப் பந்தய வீரர் ஒருவர் 400 வாட் தருகிறார் என்று வைத்துக்கொண்டால், அதே சரிவில் அவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார். முன்னால் 39, பின்னால் 25 என்னும் பழைய பந்தயக் கியரில் அவர் கால் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் சுழலும். நமக்குச் சுவராகத் தோன்றும் கியர் அவருக்குக் காற்றாடி. பந்தய வீரரின் கியரை வைத்துக்கொண்டு பந்தய வீரரைப் போலக் கால் சுழற்ற முடியாது. அவரைப் போலச் சுழற்ற வேண்டுமானால் அவரிடம் இருப்பதைவிட மிகச் சிறிய கியர் நமக்கு வேண்டும் என்பதே இக்கணக்கு சொல்லும் செய்தி.

சுற்று எண்ணிக்கை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டிய ஒன்று என்று கேட்கலாம். பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டான கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு 41 சுற்றுகளில் 120 வாட் தருவதற்குப் பெடலின் மீது சராசரியாக 17 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும்; 56 சுற்றுகளில் அதே ஆற்றலுக்கு 12 கிலோ போதும். இவை சராசரிகள்தாம். கிராங்க் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது விசை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய், கிடைமட்டமாக வரும்போது உச்சத்தை அடைவதால், முழங்கால் உணரும் உச்ச விசை இதைவிட மிக அதிகம். ஒரு மணி நேர ஏற்றத்தில் இது இரண்டாயிரம், மூவாயிரம் தடவை நிகழ்கிறது. தாழ்ந்த சுற்றில் அழுத்தி மிதிக்கும்போது சுமை தசையின் மீதும், முழங்கால் சில்லுக்குப் பின்னுள்ள குருத்தெலும்பின் மீதும் விழுகிறது. எளிதாகச் சுழற்றும்போது அதில் ஒரு பங்கு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறுகிறது. வாங்கிய மூச்சு ஏற்றத்தின் உச்சியில் சில நிமிடம் நின்றால் தணிந்துவிடும். அயர்ந்த தொடைத்தசை மறுநாள் காலையிலும் படியிறங்கும்போது தன்னை நினைவூட்டும். இரண்டில் எதைச் செலவழிப்பது மேல் என்பது அறுபது வயதில் தானாகவே விளங்கிவிடுகிறது.

வயதின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். உடல் உச்ச முயற்சியில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, முப்பது வயதுக்குப் பின் பொதுவாகப் பத்தாண்டுக்குப் பத்து விழுக்காடு அளவில் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இக்குறைவு மெதுவாக நிகழும், ஆனால் நிகழாமல் இராது. தசையின் அளவும், குறிப்பாகத் திடீரென வலிமையைக் காட்டும் தசை இழைகளும் குறைகின்றன. இளைஞர் ஒருவர் கியர் போதாத இடத்தில் இருக்கையிலிருந்து எழுந்து, உடல் எடை முழுவதையும் பெடலின் மேல் போட்டு அந்த வளைவைக் கடந்துவிடுவார். மூத்தவர்களுக்கும் அது இயலும், ஆனால் நூறு மீட்டர் இயலும், இரண்டு கிலோமீட்டர் இயலாது. உயரமான பழைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு எழுந்து நின்று மிதிப்பது இரண்டாம் இயல்பாகவே இருக்கும். அந்த இயல்பை நம்பித்தான் பலர் கியர் போதவில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் உணராமலே இருந்துவிடுகிறார்கள்.

இது முதியவர்களுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. புதிதாகத் தொடங்குபவர்கள், நோயிலிருந்து மீண்டவர்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள், சுமைப்பைகளோடு நெடும்பயணம் போகிறவர்கள் ஆகிய அனைவருக்கும் இதே கணக்குத்தான். ஐம்பது கிலோ எடையுள்ள சிறிய உருவத்தினருக்காகச் செய்யப்படும் சிறிய சட்டகத்திலும், தொண்ணூறு கிலோ எடையுள்ள நெடியவருக்கான பெரிய சட்டகத்திலும் அதே பல்சக்கரங்களையே பொருத்தி அனுப்புவது உற்பத்தியாளரின் வசதிக்கு ஏற்றதாக இருக்கலாம். ஓட்டுபவரின் வசதிக்கு அதில் இடமில்லை என்பது என் கருத்து.

சிறிய கியரைப் பற்றிய கூச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சில் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ச், கியர் மாற்றும் அமைப்பை வெளிப்படையாக இகழ்ந்தவர். அது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது, தசை வலிமையால் வெல்வதே சிறப்பு என்னும் பொருளில் 1902-இல் எழுதினார். அதே 1902-இல் பிரெஞ்சுச் சுற்றுலாச் சைக்கிள் சங்கம் 240 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மூன்று கியர் பொருத்திய சைக்கிளில் வந்த மார்த் எஸ் என்னும் பெண், ஒற்றைக் கியரில் வந்த எடுவார் ஃபிஷர் என்னும் பந்தய வீரரை விஞ்சினார். செந்த்-எத்தியேன் நகரத்தில் ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதிவந்த பால் டி விவி, பல கியர்களின் பயனைத் தம் சைக்கிளிலேயே சோதித்துக் காட்டி, அவற்றுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ஆயினும் டூர் டி ஃபிரான்ஸில் டெரெய்லர் எனப்படும் கியர் மாற்றும் கருவிக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. நாற்பத்தைந்து வயது என்று தெகிராஞ்ச் குறிப்பிட்டதை ஏளனமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொண்டால் அவர் சொன்னது சரியே. இன்று பந்தய வீரர்களே பின்னால் 30, 34 பற்களோடு மலை ஏறுகிறார்கள். கூச்சம் மட்டும் நம்மிடையே மிச்சமிருக்கிறது.

இப்போது மேல்முனைக்கு வருவோம். கடைகளில் ‘காம்பாக்ட்’ என்று சொல்லப்படும் கிராங்கில் முன்னால் 50, 34 என இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுதியைக் கேசட் என்கிறோம். அது 11 பல்லிலிருந்து தொடங்கும். முன்னால் 50, பின்னால் 11 என்றால் ஒரு சுற்றுக்கு 9.5 மீட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 90 சுற்றுகள் மிதித்தால் வேகம் மணிக்கு 51 கிலோமீட்டரைத் தாண்டும். சமவெளியில் அந்த வேகத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்துபவர் பந்தயக்காரராகத்தான் இருக்க வேண்டும்; இறக்கத்தில் அந்த வேகம் வரும்போது நாம் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பிரேக்கின் மேல் விரல் வைத்திருக்கிறோம். முன்னால் 46 ஆக இருந்தாலும் அதே 90 சுற்றுகளில் மணிக்கு 47 கிலோமீட்டர் கிடைக்கும். 40 ஆக இருந்தாலும் 41 கிலோமீட்டர் கிடைக்கும். இழப்பதாக அஞ்சும் கியர் உண்மையில் கையில் இருந்ததே இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடிய உங்கள் சைக்கிளின் கேசட்டைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள பற்கள் தேய்ந்து மங்கியிருக்கும். 11, 12 பல் வட்டுகளில் கடையிலிருந்து வந்த நாளின் பளபளப்பு அப்படியே இருக்கும். அந்தப் பளபளப்புதான், ஏற்றத்தில் உங்கள் விரல் தேடிய கியரின் விலை.

முன்பல்சக்கரத்தைச் சிறிதாக்குவதால் சமவெளியிலும் ஒரு நன்மை கிடைக்கிறது. பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் ஓட்டியவர்களுக்கு, ஏற்றமே இல்லாத சாலையில் ஏற்றம் போன்ற ஒன்று உண்டென்பது தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 80 சுற்றுகள் மிதிக்க வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 4.2 மீட்டர் வேண்டும். முன்னால் 50 இருந்தால் பின்னால் 25-க்குப் போக வேண்டும். 11 முதல் 28 வரையுள்ள பதினொரு வட்டுக் கேசட்டில் அது கடைசிக்கு முந்தியது. காற்று இன்னும் சற்று வலுத்தால் பின்னால் ஒரே ஒரு படிதான் மிச்சம். அதன்பின் முன்னால் 34-க்கு இறங்க வேண்டும், இறங்கினால் கால் திடீரென வெறுமையாகச் சுழலும், அதைச் சரிசெய்யப் பின்னால் இரண்டு, மூன்று படி எதிர்த்திசையில் மாற்ற வேண்டும். முன்னால் 46 இருந்தால் ஏறத்தாழ ஒரு படி அளவுக்கு இந்தத் தொல்லை தள்ளிப்போகிறது. ஒரு படி என்பது எழுத்தில் சிறியது. நாள் முழுவதும் பெரிய பல்சக்கரத்திலேயே இருந்து ஓட்டிவிட முடிகிறது என்னும் அனுபவத்தில் அது சிறியதன்று.

எதை மாற்றுவது என்னும் கேள்விக்கு வரும்போது, செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது முறை. பெரும்பாலோருக்கு முதல் படி கேசட்தான். 11-28 கேசட்டைக் கழற்றி 11-34 போட்டாலே மிகச் சிறிய கியர் 2.55 மீட்டரிலிருந்து 2.1 மீட்டராகக் குறைகிறது. மற்றவை அப்படியே இருக்கும். ஆனால் அதற்கு முன் பின்பக்க டெரெய்லரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டெரெய்லரும் தாங்கக்கூடிய மிகப் பெரிய வட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அது சுருட்டிக்கொள்ளக்கூடிய செயின் தளர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டாவதைக் கொள்ளளவு என்கிறார்கள். முன்பல்சக்கரங்களின் வேறுபாட்டையும் பின்பல்சக்கரங்களின் வேறுபாட்டையும் கூட்டினால் அது கிடைக்கும்: 50-34 என்றால் 16, 11-34 என்றால் 23, ஆக 39. எடுத்துக்காட்டாக, ஷிமானோ நிறுவனத்தின் 105 வரிசையைச் சேர்ந்த ஆர்7000 டெரெய்லர், செயின் தளர்வைச் சுருட்டும் அதன் தொங்கு பகுதியான கூண்டின் நீளத்தைப் பொறுத்து இரு வகையில் வந்தது. குட்டைக் கூண்டுள்ளது 30 பல் வரையும் 35 கொள்ளளவு வரையும் தாங்கும். நீண்ட கூண்டுள்ளது 34 பல்லும் 39 கொள்ளளவும் தாங்கும். ஆகவே குட்டைக் கூண்டு இருந்தால் கேசட்டோடு டெரெய்லரையும் மாற்ற வேண்டிவரும். டெரெய்லரைச் சற்றுக் கீழே இறக்கித் தொங்கவிடும் இணைப்புத் துண்டுகளும் விற்கின்றன. அவை பெரிய வட்டுக்கு இடம் தருமே தவிர, கூண்டின் நீளத்தைக் கூட்டுவதில்லை.

பெரிய கேசட் போடும்போது செயினையும் நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கலாம். இதை அலட்சியம் செய்யக் கூடாது. முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்னும் சேர்க்கையில் ஓட்டக் கூடாது என்று நாம் அறிந்திருந்தாலும், களைப்பில் என்றாவது ஒருநாள் கை தவறி அங்கே போய்விடும். செயின் போதாவிட்டால் டெரெய்லர் முறிந்து, அது தொங்கும் கொக்கியும் வளைந்துவிடும். சைக்கிளை நிறுத்துகருவியில் தொங்கவிட்டு, அந்தச் சேர்க்கைக்குக் கையால் கொண்டுபோய்ப் பார்த்த பிறகே சாலையில் இறக்க வேண்டும். பதினொரு வேக (அதாவது பதினொரு வட்டு) 11-34 கேசட்டை வாங்குகிறவர்கள் இன்னொரு சிறு பொருளையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்: ஷிமானோவின் அந்தக் கேசட் பத்து வேக அகலத்தில் செய்யப்பட்டதால், பதினொரு வேக ஹப்பில் (பின்சக்கரத்தின் மையத்தில் கேசட் பொருந்தும் பகுதியில்) அதற்குப் பின்னால் 1.85 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் ஒன்றைப் போட வேண்டும். அதைப் போடாமல் இறுக்கினால் கேசட் ஆடும்.

பெரிய கேசட்டின் மேல் ஒரு குறை சொல்லப்படுவது உண்டு. வட்டுகளுக்கிடையே இடைவெளி பெரிதாகிறது என்பது அது. 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15 என ஒவ்வொரு பல்லாக ஏறும் வரிசை, 11-34 கேசட்டில் 11, 13, 15 எனத் தாவுகிறது. குழுவாக மணிக்கு 40 கிலோமீட்டரில் பறப்பவர்களுக்கு அந்த 12-உம் 14-உம் தேவைப்படும். நாம் உலவும் 17 முதல் 25 வரையுள்ள பகுதியில் இரண்டு கேசட்டுகளுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டிலும் 17, 19, 21, 23, 25 என்றுதான் வரிசை போகிறது.

கேசட் மட்டும் போதாதவர்கள் முன்பக்கத்துக்கு வர வேண்டும். இங்கே வெறும் பல்சக்கரத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு தடை உண்டு. பல்சக்கரம் கிராங்கோடு திருகாணிகளால் இணைக்கப்படும் வட்டத்தின் விட்டம், அதில் எவ்வளவு சிறிய பல்சக்கரத்தைப் பொருத்தலாம் என்பதை முடிவு செய்துவிடுகிறது. பழைய பந்தயக் கிராங்கின் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் 38-க்குக் கீழே போக முடியாது. காம்பாக்ட்டின் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் 34, மிஞ்சினால் 33. ஆகவே 30-க்கு இறங்க வேண்டுமானால் கிராங்கையே மாற்ற வேண்டும். மண்சாலைகளுக்கான கிராவல் சைக்கிள்கள் பெருகியதால் நமக்குக் கிடைத்த நன்மை, 46-30 பல்சக்கரங்கள் கொண்ட கிராங்குகள் இப்போது வழக்கமான பொருளாகிவிட்டன என்பதுதான். அவற்றைப் பொருத்தும்போது முன்பக்க டெரெய்லரைச் சட்டகத்தில் கீழே இறக்க வேண்டும். செயினைத் தள்ளும் அதன் கூண்டு பெரிய பல்சக்கரத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். சில சட்டகங்களில் அதற்கான பிடிப்பு நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு கீழே இறங்காது. கிராவல் கிராங்கின் பல்சக்கரங்கள் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்பதும் உண்டு. ரோடு டெரெய்லர் அதுவரை எட்டுகிறதா என்பதை வாங்கும் முன்பே இயந்திரம் அறிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

முன்னால் மூன்று பல்சக்கரங்கள் உள்ள பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள், அது பழமை என்பதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம். 50-39-30 என்னும் அந்த அமைப்பில் உள்வட்டத்தின் திருகாணி விட்டம் 74 மில்லிமீட்டராக இருந்தால், அதில் 24 பல் வரை பொருத்தலாம். 26 பல் வட்டு ஒன்றை அங்கே போட்டுவிட்டு, பின்னால் 28 இருந்தால், ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. ஒற்றைத் தகட்டின் செலவில் முடிகிற காரியம் இது. பின்பக்க டெரெய்லரின் கொள்ளளவைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11-42 போன்ற அகலமான கேசட் என்னும் அமைப்பையும் சிலர் விரும்புகிறார்கள். முன்னால் 40 இருந்தால் கீழே 2 மீட்டரும் மேலே 7.6 மீட்டரும் கிடைக்கும். படிகள் பெரியவை; ஆனால் இடது கையால் கியர் மாற்றும் வேலையே இல்லை. கட்டைவிரல் மூட்டில் வாதம் உள்ளவர்களுக்கு இது சிறிய வசதியன்று.

கிராங்கின் நீளத்தைப் பற்றி ஒரு சொல். முழங்கால் அதிகம் மடங்குவதைக் குறைக்க 170-க்குப் பதிலாக 165 மில்லிமீட்டர் கிராங்கைச் சிலருக்குப் பரிந்துரைக்கிறார்கள். நெம்புகோல் மூன்று விழுக்காடு குட்டையாவதால், அதே கியர் அந்த அளவுக்குக் கனமாகத் தோன்றும். ஆகவே கிராங்கைக் குறைப்பவர்கள் கியரையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

உங்களுக்கு எவ்வளவு சிறிய கியர் வேண்டும் என்பதைப் பிறரைக் கேட்டு அறிய முடியாது, அளந்து அறியலாம். நீங்கள் வழக்கமாக ஏறும் பாதையில் மிகக் கடினமான இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுபவருக்கு அது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றாக இருக்கலாம். கொல்லிமலைக்காரருக்கு எழுபதில் ஒன்று. சென்னைக்காரருக்கு ஒரு மேம்பாலமாகக்கூட இருக்கலாம். அங்கே மிகச் சிறிய கியரில், இருக்கையில் அமர்ந்தபடி, வலது முழங்கால் 15 விநாடிகளில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். விடை 45 என்று வந்தது, உங்களுக்கு 65 வசதி என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள 2.55 மீட்டரை 45-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் 1.77 மீட்டர் கிடைக்கிறது. முன்னால் 30, பின்னால் 36 போட்டால் 1.75 மீட்டர், கச்சிதமாகப் பொருந்துகிறது. டெரெய்லர் 34-க்கு மேல் தாங்காது என்றால் 30-உம் 34-உம் சேர்ந்து 1.85 மீட்டர் தரும். சுற்று 62-ஆக இருக்கும். அந்த மூன்று சுற்றுக்காக இன்னொரு டெரெய்லர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூட்டுவலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரின் சொல்லைத்தான் முதற்கணக்காகக் கொள்ள வேண்டும்.

கீழே இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர் என்னும் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்றுகள் மிதித்தால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், அது நடைவேகம். அதற்கும் கீழே சைக்கிளை நேராக நிறுத்தி வைப்பதே தனி வேலையாகிவிடும், இறங்கித் தள்ளுவதில் தவறொன்றுமில்லை. சுமைப்பைகள் இல்லாமல் தார்ச்சாலையில் ஓட்டும் பெரும்பாலோருக்கு 1.7 முதல் 2 மீட்டர் வரை போதும் என்பது என் மதிப்பீடு. உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு வளைவுகளை மசினகுடிப் பக்கத்திலிருந்து ஏற நினைப்பவர்கள் இன்னும் சற்றுக் கீழே பார்க்கலாம்.

சிறிய கியர் வந்த பிறகு ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதுவரை கடைசி வட்டு எப்போதும் உபயோகத்தில் இருந்ததால், மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியதில்லை. இனி வளைவின் உள்ளே சாலை செங்குத்தாகும் முன்பே, பெடலின் மேல் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். கால் திணறத் தொடங்கிய பிறகு முழு விசையோடு மாற்றினால் செயின் தாவித் தடுமாறும், சில நேரம் அறுந்தும் போகும். முன்பக்க மாற்றத்தை ஏற்றத்தின் அடிவாரத்திலேயே முடித்துவிட்டால், மேலே போகப் போகப் பின்பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கலாம். புதிய கேபிள் சில நாள் ஓட்டத்தில் சற்றுத் தளரும். அதை ஒருமுறை இறுக்கிய பின், முன்பு எண்ணிய அதே வளைவுக்குப் போய், அதே 15 விநாடி மீண்டும் வலது முழங்காலை எண்ணிப் பாருங்கள்.